காயாத நார்

பேய், பிசாசு, சாமி இறங்குவது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆலங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று ஊசியால் உறிஞ்சிப் பார்த்துச் சொல்கிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உண்ணாமலையைப் பற்றி நான் சொல்லி முடித்ததும், "வனிதாவுக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று நீங்களும் கிளப்பிவிடுவீர்கள். ஏற்கெனவே என் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

உண்ணாமலை என் கல்லூரித் தோழி. இப்போது இருபத்தாறு வயது, கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பிறந்தது கீரமங்கலத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். அவள் அப்பா நாகராசு தென்னை வைத்திருந்தார், கூடவே கொஞ்சம் பூ. புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்த பிறகு பூ மட்டும்தான் சோறு போட்டது. விடியும் முன் காக்கரட்டான் பூப் பறித்து, அப்பாவோடு போய் மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அந்த வாசனையோடேயே பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

பூ மார்க்கெட்டில் வேன் மேலிருந்து மூட்டைகளைத் தூக்கி வீசுவார்கள். இவள் கீழே நின்று ஒன்றுவிடாமல் பிடிப்பாள். எங்கள் பி.டி. சார் ஆரோக்கியதாஸ் ஒரு நாள் மாதா கோயிலுக்கு மாலை வாங்கப் போனவர், அதைப் பார்த்து மாலையை மறந்துவிட்டார். "கேட்சர் கெடைச்சிட்டாம்மா" என்று அன்றைக்கு முழுக்கப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படித்தான் அவள் எங்கள் சாஃப்ட்பால் டீமுக்குள் வந்தாள்.

சாஃப்ட்பால் என்பது பெயரில்தான் சாஃப்ட். சின்னத் தேங்காய் அளவுப் பந்து, முகத்தில் பட்டால் பல் கையோடு வந்துவிடும். பிட்சர் கையைச் சுழற்றிக் கீழிருந்து எறிவாள். மட்டை பிடித்தவள் அடிக்காமல் விட்டதை, அவளுக்குப் பின்னால் முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு குத்தவைத்திருக்கும் கேட்சர் பிடிக்க வேண்டும். நான் லெஃப்ட் ஃபீல்டு. அதாவது தூரத்தில் நின்று வெயில் காய்கிற உத்தியோகம்.

உண்ணாமலைக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணெதிரே எது விழப்போனாலும் கை தானாகப் போய்விடும். டீக்கடையில் நழுவும் கிளாஸ், அலமாரியிலிருந்து சரியும் புத்தகம், எதுவும் தரையைத் தொடாது. பஸ்ஸில் டிரைவர் பிரேக் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவரின் மணிக்கட்டைப் பிடித்துவிடுவாள். ஒரு தடவை டிக்கெட் பரிசோதகரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் முறைத்ததும், "விழுந்துருவீங்கன்னு பிடிச்சேன் சார்" என்றாள். அந்த மனிதருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பேச்சு குறைவு. நான் திட்டினால்கூடத் திருப்பித் திட்டமாட்டாள். எனக்கு அதிலேயே பாதி வயிற்றெரிச்சல்.

இனியா இதற்கு நேர்மாறு. ஏழாம் நம்பர் ஜெர்சி, எங்கள் பிட்சர், தூங்கும்போதுகூட வாய் மூடாத ஜாதி. எந்த மாதிரிப் பந்து எறிய வேண்டும் என்று கேட்சர் முழங்காலுக்கு நடுவே விரலைக் காட்டிச் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் பிட்சர் தலையை ஆட்டுவாள், பிடிக்காவிட்டால் மாட்டேன் என்பாள். இனியா வேண்டுமென்றே மாட்டேன், மாட்டேன் என்று தலையசைத்து உண்ணாமலையை வெயிலில் குந்த வைத்துவிட்டு, கடைசியில் அவள் முதலில் காட்டியதையே எறிவாள். "ஏன்டீ இப்பிடிப் பண்ற" என்று நான் கத்தினால், "அவ கெஞ்சுறதைப் பாக்கணும்" என்பாள். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

புயலுக்கு அடுத்த வருஷம், கல்லூரிகளுக்கான மாநிலப் போட்டியில் ஜெயித்தோம். கடைசிப் பந்தை இனியா எறிந்தாள், உண்ணாமலை பிடித்தாள், நான் தூரத்தில் நின்று குதித்தேன். கப்பை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தோம்.

எங்கள் கல்லூரியில் படித்த ஜெரால்டு என்பவர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே சாஃப்ட்பாலில் ஜெயித்த டீமில் ஒவ்வொருத்திக்கும் ஒரு மோதிரம் போடுவார்களாம். கப்பு பள்ளிக்கூட அலமாரிக்கு, மோதிரம் அவரவர் விரலுக்கு. வீடியோ காலில் வந்து தன் மகளுடைய மோதிரத்தைக் காட்டினார். நடுவில் நீலக் கல், சுற்றிலும் எழுத்து, பக்கத்தில் ஜெர்சி நம்பர். அம்மாடி, கட்சிக்காரர்கள் போடுகிற மோதிரம் எல்லாம் அதன் முன்னால் பிச்சை வாங்க வேண்டும். "ஒங்க எல்லாருக்கும் நான் அனுப்புறேன். வெரல் அளவு மட்டும் அனுப்பிவிடுங்க" என்றார்.

அளவு எடுக்க எங்களுக்கு வேறு என்ன தெரியும்? உண்ணாமலையின் பையில் பூக்கட்டும் வாழைநார் எப்போதும் கிடக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொருத்தியின் மோதிர விரலிலும் சுற்றி, முடிச்சுப் போட்டு உருவினாள். நனைத்த நார் காய்ந்தால் இறுகிச் சுருங்கும். பூக்கட்டியே வளர்ந்த எங்களில் ஒருத்திக்குக்கூட அது அந்த நேரம் உறைக்கவில்லை. கூறு கெட்ட கூட்டம். நார் வளையம் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய துண்டுக் காகிதத்தைச் செருகி ஆரோக்கியதாஸ் சாரிடம் கொடுத்தோம். அவர் தன் அறை ஜன்னலில் வரிசையாக வைத்துவிட்டு மறந்துபோனார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. இனியாவின் ஊர்க் கண்மாய் நிரம்பி அலை தட்டியது. ஜெயித்ததற்காக அவள் வீட்டில் எங்களுக்கு விருந்து. அவள் அம்மா பிச்சையம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அண்ணன் வசந்தகுமார் ஓடி ஓடிப் பரிமாறினான். சாப்பிட்டு எழுந்ததும், "கம்மாயப் பாத்துட்டு வாரோம்" என்று இனியா உண்ணாமலையை இழுத்துக்கொண்டு போனாள். மடைப் பக்கம் படி முழுக்கப் பாசி. இனியா வழுக்கி உள்ளே போனாள், உண்ணாமலை பின்னாலேயே குதித்தாள். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் உண்ணாமலையின் முடியைப் பற்றிக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். இனியாவைச் சாயங்காலம்தான் எடுத்தார்கள்.

போலீஸ்காரர் கேட்டபோதும், பிச்சையம்மாள் கேட்டபோதும் உண்ணாமலை சொன்னது ஒன்றுதான். "பிடிச்சிருந்தேன். வழுக்கிருச்சு." அழவில்லை. அழாததற்காக ஊர் அவளை வறுத்தெடுத்தது. கூடப் போனவள் கண்ணில் பொட்டுத் தண்ணி இல்லையே என்று ஒருத்தி ஆரம்பிக்க, நான் பிணம் எடுத்த வீட்டு வாசலிலேயே அவளோடு மல்லுக்கு நின்றேன். என்னைப் பிடித்து இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மாசியில் மோதிரங்கள் வந்தன. ஆரோக்கியதாஸ் சார் மேஜையில் கொட்டினார். ஆளாளுக்கு எடுத்து மாட்டிப் பார்த்தோம். ஒருத்திக்கும் மோதிர விரலில் ஏறவில்லை. சிலருக்குச் சுண்டு விரலில் தொங்கியது, எனக்கு அதிலும் பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் நார் சுருங்கிய கதை புரிந்தது. சிரித்தோம், சாரைத் திட்டினோம், நார் கொடுத்த உண்ணாமலையைத் திட்டினோம். இனியா போன பிறகு நாங்கள் சிரித்த முதல் சிரிப்பு அது.

மேஜையில் ஒரு மோதிரம் மட்டும் மீதி கிடந்தது. ஏழாம் நம்பர். இனியாவுக்கும் சேர்த்தே செய்யச் சொல்லியிருந்தார் ஜெரால்டு. உண்ணாமலையும் இனியாவும் ஒரே கையுறையை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள், விரல் அளவு ஒன்றுதான். உண்ணாமலை அதை எடுத்துத் தன் மோதிர விரலில் விட்டாள். இழுக்காமல் கொள்ளாமல், அளவெடுத்த மாதிரிப் போய் உட்கார்ந்தது. அவளுடைய சொந்த மோதிரமோ பக்கத்திலேயே ஏறாமல் கிடந்தது. எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

"ஒரே நாரு, ஒரே தண்ணி. இது மட்டும் எப்பிடி சார் சுருங்கல?" என்று நான்தான் கேட்டேன்.

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தப் புள்ளைக்குக் காரியம் முடிஞ்ச பெறகுதாம்மா ஸ்கேல் வச்சு அளந்தேன். எல்லா நாரும் சருகாக் கெடந்துச்சு. ஏழாம் நம்பர் மட்டும் ஈரமா இருந்துச்சு. காகிதமே நைஞ்சு போயி. கைக்குட்டையில தொடச்சிட்டு அளந்தேன்."

"ஜன்னல் ஒழுகியிருக்கும் சார்."

"ஒழுகியிருந்தா எல்லாந்தானேம்மா நனைஞ்சிருக்கும்" என்றார். ஜெபமாலை போட்டிருக்கிற மனுஷன், அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். உண்ணாமலை மோதிரத்தைக் கழற்றி முந்தின இடத்திலேயே வைத்தாள். அன்றைக்கு அது சுலபமாகத்தான் கழன்றது.

மோதிரத்தை நாங்கள் பிச்சையம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் அதைக் கன்னிப் பெட்டியில் வைத்தாள். அந்த வீட்டு வழக்கம் அது. கல்யாணம் ஆகாமல் போன பெண் வீட்டுக்குச் சாமி ஆகிவிடுவாள். பனையோலைப் பெட்டியில் அவளுக்குப் புதுத் துணி, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து மூலையில் ஏற்றிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து படையல் போட்டு, பழைய துணியை எடுத்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். இனியாவின் பெட்டியில் சுடிதாரோடு அந்த ஜெர்சியும் மோதிரமும் இருந்தன.

ஒவ்வொரு தைக்கும் உண்ணாமலை படையலுக்குப் போனாள். பழைய துணி அவளுக்குத்தான் வரும். டீமில் மற்றவர்கள் கல்யாணம், வேலை என்று கலைந்துவிட்டார்கள். நான் இரண்டொரு தடவை துணைக்குப் போனேன். ஒரு தரம் பெட்டி முன்னால் அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள், கேட்சர் உட்காருகிற அதே மாதிரி. முழங்காலுக்கு நடுவே வலது கை விரல்கள் அசைந்தன. ஒன்று காட்டினாள். பொறுத்தாள். இரண்டு காட்டினாள். மறுபடி பொறுத்தாள்.

"என்னடீ பண்ற?" என்றேன்.

"மாட்டேங்குறா" என்றாள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு எரிச்சல் வந்து அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எரிச்சல் என்று சொல்கிறேன். எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான் வரும்.

அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள். நாகராசு என்னிடம் வந்து புலம்புவார். "பள்ளிக்கொடம், வீடு, அந்தக் கம்மாய்க்கரை வீடு. இதுதான் ஒன் பிரெண்டுக்கு ஒலகம். நீயாச்சும் சொல்லக் கூடாதா ஆத்தா?" நான் சொல்லிக் கேட்கிற ஆளா அவள்?

போன வருஷக் கடைசியில் அவளே எனக்கு போன் செய்தாள். வசந்தகுமார் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். கீரமங்கலத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அமைதியான பையன், கையில் எப்போதும் கிரீஸ்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு வனிதா" என்றாள். "அந்த வீட்டுல இருக்கணும்னு இருக்கு. அம்மா தனியாக் கெடக்காங்க."

தனக்கென்று அவள் ஒன்று கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. "கட்டிக்கடீ, எவ வேணாம்னா?" என்றேன்.

"அவகிட்ட கேக்கணுமாம்" என்றாள்.

அதுவும் அந்த வீட்டு வழக்கம். மருமகளாக வரப்போகிறவள் கன்னிப் பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்துப் போட்டுக்கொண்டு படையலில் உட்கார வேண்டும். முடிந்ததும் கழற்றித் திருப்பி வைக்க வேண்டும். வைத்துவிட்டால் கன்னி சம்மதம். வளையல் உடைந்தாலோ, துணி கிழிந்தாலோ, ஏதாவது தடங்கல் வந்தாலோ அந்தச் சம்பந்தம் இல்லை. பிச்சையம்மாளின் நாத்தனார் மகனுக்கு அப்படி ஒரு நல்ல சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது.

இந்தத் தையில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குப் படையல் வைத்தார்கள். பிச்சையம்மாள், வசந்தகுமார், நாகராசு, உண்ணாமலை, நான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. தை மாதத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. கோழிகள்கூட எங்கேயோ போய் ஒடுங்கிவிட்டன. பிச்சையம்மாள் பெட்டியை இறக்கித் திறந்தாள்.

"சாமி பாத்துக்கிட்டிருக்கு. வளையலை எடுத்துப் போட்டுக்க தாயி" என்றாள்.

மகளைப் பற்றிப் பேசும்போது அவள் சாமி என்றுதான் சொல்வாள். இறந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. கன்னியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் சாமியாக இருக்கமாட்டாள், எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று வசந்தகுமார் என் காதில் சொன்னான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் முதலில் வரும்.

உண்ணாமலை வளையலைத் தொடவில்லை. மோதிரத்தை எடுத்து விரலில் போட்டாள். பிச்சையம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சாமி காரியத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று விட்டுவிட்டாள். பொங்கல், கறி, முட்டை, இனியாவுக்குப் பிடித்த முறுக்கு எல்லாம் வைத்துச் சூடம் காட்டினார்கள். சூடம் அணைந்தது.

"கழட்டி வையி தாயி."

உண்ணாமலை இழுத்தாள். வரவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு திருகி இழுத்தாள். அசையவில்லை. நான் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன். பிறகு சோப்பு. பிறகு விரலைச் சுற்றி நூல் கட்டி மோதிரத்தை மேலே ஏற்றும் வித்தையையும் செய்தேன், ஆஸ்பத்திரியில் நர்சுகள் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். நூல்தான் அறுந்தது. விரல் வீங்கிக் கருநீலமாகத் தொடங்கியது.

அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன். கையெல்லாம் வேர்த்துக் கொதிக்கிறது, அந்த ஒரு விரல் மட்டும் சில்லென்று கிடந்தது. ரத்தம் ஓடாவிட்டால் குளிரும், சரி. ஆனால் நுனித்தோல் வெளுத்து, தண்ணீரில் வெகுநேரம் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. அது எதனால் என்று என் படிப்பில் இல்லை. கையை விட்டுவிட்டு என் சேலையில் துடைத்துக்கொண்டேன். துடைத்த இடம் நனைந்தது.

"வேணாங்குறா" என்று பிச்சையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "சாமி வேணாங்குது."

வசந்தகுமார் வண்டியில் கடைக்குப் பறந்துபோய் இரும்பு வெட்டும் குறடு எடுத்து வந்தான். "வெட்டிரலாம்மா. வெரலு போயிரும்."

"வெட்டுனா இந்தக் கலியாணம் இல்லடா. சாமிய வெட்டிட்டா இந்த வீட்டுக்கு மருமக கொண்டுவருவே?"

"கலியாணம் கெடக்குது தங்கச்சி, எம்புள்ளைக்குக் கை வேணும்" என்றார் நாகராசு. "வெட்டுங்க மாப்ள."

நான் உண்ணாமலையின் மணிக்கட்டைப் பிடித்து நீட்டினேன். அவள் உதறிக் கையைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டாள். "விடமாட்டேன்" என்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாளைக்கு விரலை எடுத்துவிட்டு வந்து நிற்பாய், சோற்றைப் பிசைய என் கையைத்தான் தேடுவாய், மூதேவி என்று என்னென்னவோ கத்தினேன். அழுகை வேறு வந்து தொலைத்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிச்சையம்மாளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அம்மா, வழுக்கலம்மா."

பிச்சையம்மாள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு அவ கை என் கையிலதான் இருந்துச்சு. நல்லாத்தான் பிடிச்சிருந்தேன். உள்ள இழுத்துக்கிட்டே போச்சு. எனக்கு மூச்சு முட்டுச்சு. நாந்தான் வெரலை விரிச்சேன். அவ என்னையப் பாத்துக்கிட்டேதான் போனா." மூச்சு வாங்கினாள். "இப்ப அவ பிடிச்சிருக்கா. வெட்ட வேணாம். எம்புட்டு நேரம் பிடிச்சிருக்கணுமோ பிடிச்சிருக்கட்டும்."

வசந்தகுமார் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் தன் வீட்டில் சோறு தின்ற பெண்ணைப் பிச்சையம்மாள் இப்போது என்ன செய்யப்போகிறாளோ என்று நான் உண்ணாமலையை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம் போனது என்றே நினைத்தேன். இவளை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிப் போனால் போதும் என்று இருந்தது.

பிச்சையம்மாள் தவழ்ந்து வந்து உண்ணாமலையின் எதிரில் உட்கார்ந்தாள். கக்கத்திலிருந்து அந்தக் கையை மெதுவாக வெளியே எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"இனியா" என்றாள்.

வசந்தகுமார், "அம்மா, வேணாம்" என்றான்.

"ஏய், இனியா." சாமிக்குச் சொல்லும் குரல் இல்லை அது. தெருவில் விளையாடப் போய்த் திரும்பாத பிள்ளையைக் கூப்பிடும் குரல். "போதும்டீ. மூச்சு முட்டித்தானே விட்டா. அவளும் ஒன்னோட வந்திருந்தா ஒனக்கு ஆறியிருக்குமா? ஒருத்தியப் பறிகொடுத்ததுக்கே நான் இந்தக் கெதியில கெடக்கேன். விடு அவ கையை. சொன்னாக் கேளு. எம்புட்டு நாளுதான் தண்ணிக்குள்ளயே கெடப்பே? சோறு ஆறிப்போச்சு. எந்திரிச்சு வீட்டுக்கு வா."

சொல்லிக்கொண்டே கையை உருவினாள். மோதிரம் அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. இழுத்த மாதிரியே தெரியவில்லை. விரலில் எண்ணெயும் சோப்பும் காய்ந்து நேரமாகியிருந்தது, நானே பார்த்தேன். உண்ணாமலை வெறும் விரலைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள். கண்மாய்க்கரையில் அழவேண்டிய அழுகை, பிணம் எடுத்த அன்றைக்கு அழவேண்டிய அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. பிச்சையம்மாள் அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, தானும் அழுதாள்.

வெகுநேரம் கழித்துப் பிச்சையம்மாள் மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்தாள். மோதிரத்தைப் பெட்டியில் வைக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அண்ணே, ஆவணியில ஒரு முகூர்த்தம் பாருங்க" என்றாள் நாகராசுவிடம். அவர் சரி என்று தலையை ஆட்டினார், ஆனால் கண் பெட்டிமேலேயே இருந்தது. "தங்கச்சி, பேரைச் சொல்லிட்டியே" என்றார் மெல்ல.

"என் மக பேரை நான் சொன்னேன்" என்றாள். எழுந்து பாயை இழுத்துப் போட்டாள். "வசந்தா, எலையைப் போடுடா. எல்லாரும் பசியோட இருக்காங்க."

வசந்தகுமார் ஆளுக்கு ஒரு இலை போட்டான். உண்ணாமலைக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில். பிச்சையம்மாள் சோற்றுப் பானையோடு வந்து வரிசையைப் பார்த்தாள்.

"இன்னொரு எலை போடு" என்றாள்.

அவன் போட்டான். பிறகு வழக்கம்போலப் பின்கதவைச் சாத்தப் போனான்.

"சாத்தாத" என்றாள். "கால் கழுவிட்டு வருவா."

எங்களைத் தவிர அந்த வீட்டில் யாரும் இல்லை. கொல்லையில் குழாயடிப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காற்றே இல்லாத அந்த வெயிலில் நன்றாகக் கேட்டது. ஒரு சொம்பு ஊற்றி, நிறுத்தி, இன்னொரு சொம்பு. நாகராசு கையெடுத்துக் கும்பிட்டார். உண்ணாமலை அழுத கண்ணோடு பின்கதவைப் பார்த்தபடியே, தன் இலையை நகர்த்தி, எனக்கும் அவளுக்கும் நடுவில் பாயில் இடம் விட்டாள். சத்தம் நின்றது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நானும் என் இலையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.